ஒன்பதாம் வகுப்பின் அந்த ஒரு பாடவேளையை எடுத்துவிடாதீர்கள்

பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர், உறுப்பினர்கள், முதல்வர் ஆகியோருக்கு,

வரும் கல்வியாண்டு முதல் ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் உயர்கல்வி வழிகாட்டல் பாடவேளை நீக்கப்படுகிறது என்றும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க விரும்புவோருக்கு இறுதியாண்டின் இரண்டாம் பருவத்தில் தனி வகுப்பு நடத்தப்படும் என்றும் உங்கள் சுற்றறிக்கை அறிவித்திருக்கிறது. சிறு வயதில் பிள்ளைகள்மீது சுமை ஏற்றக் கூடாது, வெளிநாடு செல்பவர்கள் சிலரே, தேர்வுப் பாடங்களுக்கு நேரம் போதவில்லை என்று மூன்று காரணங்கள் தரப்பட்டுள்ளன. இதே பள்ளியின் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதங்கள் எழுதுகிறேன். அவர்கள் எந்த இடத்தில் முட்டி நிற்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் அருகிலிருந்து பார்த்துவரும் என்னால் இந்த முடிவை மௌனமாக ஏற்க முடியவில்லை.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும், பிரிட்டனில் மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகிய படிப்புகளுக்கும் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 15. கேம்பிரிட்ஜில் பொறியியல் கேட்பவர் எழுத வேண்டிய ஈசாட் தேர்வுக்கும், மருத்துவம் கேட்பவர் எழுத வேண்டிய யூகேட் தேர்வுக்கும் அதற்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான காமன் ஆப் தளம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கிறது. முன்கூட்டிய சேர்க்கைக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி. வழக்கமான சேர்க்கையும் பெரிய கல்லூரிகள் பலவற்றில் ஜனவரி தொடக்கத்தோடு முடிகிறது. நீங்கள் அறிவித்திருக்கும் வகுப்பின் முதல் நாளில் ஒரு மாணவி எழுந்து, ‘நான் எங்கே விண்ணப்பிக்கலாம்?’ என்று கேட்டால், கடந்துபோன தேதிகளின் பட்டியலைத்தான் ஆசிரியரால் படித்துக் காட்ட முடியும். சுற்றறிக்கையைத் தயாரித்தவர்கள் இந்தத் தேதிகளை ஒருமுறை பார்த்திருந்தாலே இரண்டாம் பருவம் என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

தேதிகளை மட்டும் சரிசெய்து, வகுப்பை இறுதியாண்டின் தொடக்கத்துக்கு மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சிக்கலின் வேர் அதற்கும் மூன்று ஆண்டுகள் முந்தியது.

என்னிடம் படித்த ஒரு மாணவி பத்தாம் வகுப்பின் முடிவில் இயற்பியலை விட்டுவிட்டு, மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்று பலரும் சொன்ன வேறொரு பாடத்தை எடுத்தாள். கணிதத்தில் அவளைப் போல யோசிக்கும் பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு கணக்கைப் போட்டு முடித்த பிறகும், இதற்கு இன்னொரு வழி இருக்க வேண்டுமே என்று தேடிக்கொண்டிருப்பாள். இறுதியாண்டில் அவளுக்குப் பொறியியல் மீது விருப்பம் வந்தது. கேம்பிரிட்ஜின் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்தாள். பொறியியலுக்குக் கணிதமும் இயற்பியலும் கட்டாயம் என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தது. வேறு பல நல்ல பல்கலைக்கழகங்களிலும் அதே நிபந்தனை. இந்தச் செய்தி எங்கும் ஒளித்து வைக்கப்படவில்லை. அவள் பாடம் தேர்ந்தெடுத்த வாரத்தில் அதை எடுத்துச் சொல்ல இங்கே ஒருவரும் இல்லை, அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு படிவத்தில் போடும் ஒரு குறி எந்தெந்தப் படிப்புகளுக்கான வழியை அடைக்கும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்வது பள்ளியின் கடமை. அதைச் சுமை என்று நீங்கள் அழைப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணும் கணக்கில் உண்டு. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டு மதிப்பெண் பட்டியலை அவை கேட்கின்றன. நம் மாணவர் ஒருவருடைய ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்கள் சட்டென்று சரிந்தன. வீட்டில் ஒருவருக்குக் கடும் நோய். பையன் பாதி நாட்கள் மருத்துவமனையிலிருந்து பள்ளிக்கு வந்துகொண்டிருந்தான். வகுப்பாசிரியருக்கு இது தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பள்ளியின் எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை. விண்ணப்பிக்கும் காலத்தில் அந்த வகுப்பாசிரியர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். பள்ளியின் சார்பில் கடிதம் எழுதியவர் அவனைச் சில வாரங்களுக்கு முன்புதான் சந்தித்திருந்தார். சரிவு மட்டும் காகிதத்தில் போயிற்று; அது நேர்ந்த காரணம் போகவில்லை. அப்போதே பாடவேளைக்குப் பொறுப்பான ஒருவர் இருந்து, நான்கு வரி குறித்து வைத்திருந்தால் இந்த அநீதி நடந்திருக்காது.

பரிந்துரைக் கடிதங்கள் என்றதும், நாங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதும் அந்த வாரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி இரண்டு ஆசிரியர்களின் கடிதங்களைக் கேட்கிறது: ஒருவர் கணிதமோ அறிவியலோ கற்பிப்பவர், மற்றவர் மொழி, வரலாறு, சமூக அறிவியல் போன்ற பாடத்தைக் கற்பிப்பவர். அறிவியல் பிரிவில் ஊன்றிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது வகை ஆசிரியரோடு பழக்கமே இருப்பதில்லை. செப்டம்பரில் வந்து, தன் பெயரையே அறிமுகப்படுத்திக்கொண்டு கடிதம் கேட்கும் மாணவனைப் பற்றி ஒரு மொழியாசிரியர் என்ன எழுதுவார்? ‘ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி’ என்றுதான் எழுதுவார். அந்த வரி எல்லோருடைய கடிதத்திலும் இருக்கிறது. அதனால் யாருக்கும் உதவுவதில்லை. ஒரு பிள்ளை எந்தக் கேள்வியைக் கேட்டு வகுப்பையே நிறுத்தி யோசிக்க வைத்தது, எந்தத் தோல்விக்குப் பிறகு மறுபடி முயன்றது என்று எழுதும் கடிதம்தான் படிப்பவரிடம் போய்ச் சேரும். அதை எழுத வேண்டுமானால் அந்தப் பிள்ளையை நாங்கள் ஆண்டுக்கணக்கில் கவனித்திருக்க வேண்டும்.

காமன் ஆப் விண்ணப்பத்தில் வகுப்புக்கு வெளியே செய்தவற்றை எழுதப் பத்து இடங்கள் உண்டு. ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துகள்தான். எந்த வகுப்பில் தொடங்கினாய், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். இறுதியாண்டின் தொடக்கத்தில் மூன்று மன்றங்களில் ஒரே மாதத்தில் சேர்ந்து, இரண்டு சான்றிதழ்களைப் பணம் கட்டி வாங்கி, அந்த இடங்களை நிரப்ப ஓடும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரத்தோடு சொல்லாத நாம்தான் அவர்களை அந்த ஓட்டத்தில் தள்ளுகிறோம். இதற்கு மாறாக, ஒன்பதாம் வகுப்பிலேயே கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய ஒரு மாணவி, அவர்கள் செய்யும் தவறுகளை ஒரு குறிப்பேட்டில் வகைபிரித்து எழுதி வந்தாள். யாரும் அவளிடம் அதை விண்ணப்பத்துக்காகச் செய்யச் சொல்லவில்லை. பிற்காலத்தில் அவள் எழுதிய கட்டுரைக்கு அந்தக் குறிப்பேடே போதுமானதாக இருந்தது. பிடித்த ஒன்றை விடாமல் செய், செய்ததைக் குறித்து வை என்று மட்டும்தான் நாங்கள் அந்தப் பாடவேளையில் சொல்லியிருந்தோம்.

நாட்டுக்கு நாடு கேட்பது மாறும் என்பதும் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் தெரிய வேண்டும். பிரிட்டன் கேட்பது பாடத்தில் ஆழம். 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து யூகாஸ் தன் பழைய ஒற்றைக் கட்டுரையை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டது: இந்தப் படிப்பு ஏன் வேண்டும், உன் படிப்பு உன்னை இதற்கு எப்படித் தயார்செய்திருக்கிறது, கல்விக்கு வெளியே இதற்காக என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள். விளையாட்டு அணித் தலைவராக இருந்த பெருமையை அங்கே பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை. பாடநூலுக்கு அப்பால் எதைப் படித்தாய், அதோடு எங்கே முரண்பட்டாய் என்பதே அவர்களுக்கு முக்கியம். அந்த வாசிப்பு பதினான்கு, பதினைந்து வயதில் தொடங்கினால் இயல்பாக வளரும். ஆகஸ்டில் தொடங்கினால் நூல்களின் பெயர்கள் மட்டும் கட்டுரையில் இருக்கும்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்று கேள்விப்பட்டு, இறுதியாண்டில் ஆவலோடு வரும் பிள்ளைகள் உண்டு. அங்கே இளங்கலைப் படிப்புகளில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன. பள்ளிச் சான்றிதழ் நேரடியாக ஏற்கப்படாவிட்டால் ஸ்டூடியன்கொலெக் எனப்படும் ஓராண்டு ஆயத்தப் படிப்பும் தேவைப்படும். ஒரு மொழியைப் பல்கலைக்கழகப் பாடம் கேட்கும் அளவுக்குக் கற்கச் சில மாதங்கள் போதாது. ஒன்பதாம் வகுப்பில் தெரிந்திருந்தால், வசதியில்லாத ஒரு குடும்பத்துப் பிள்ளை நிதானமாகக் கற்றுக்கொள்ள நான்கு ஆண்டுகள் கிடைத்திருக்கும்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குப் பெரிய காரணம் பணம் சம்பந்தப்பட்டது. வெளிநாடு செல்பவர்கள் சிலரே என்கிறீர்கள். அந்தச் சிலர் யார் என்று பார்த்தீர்களா? பெற்றோர் தனியார் ஆலோசகருக்குக் கட்டணம் செலுத்தி, எட்டாம் வகுப்பிலிருந்தே திட்டம் போட முடிந்த பிள்ளைகள். நீங்கள் பாடவேளையை நீக்கினால் அவர்களுக்கு ஒரு குறையும் வராது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்றவை வெளிநாட்டு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் குடும்பத்தால் பணம் கட்ட முடியுமா என்று பார்ப்பதில்லை. தேர்ந்தெடுத்த பிறகு, குடும்பத்தால் இயலாத தொகையை முழுவதும் தாங்களே ஏற்கின்றன. வேறு பல கல்லூரிகளில் உதவி கேட்பதே சேர்க்கை வாய்ப்பைப் பாதிக்கும். எது எந்த வகை என்று பிரித்தறிவதில்தான் வசதியற்ற ஒரு பிள்ளையின் முழு வாய்ப்பும் அடங்கியிருக்கிறது. குடும்ப வருமானத்துக்கான ஆவணங்களைத் திரட்டவே அத்தகைய வீடுகளில் மாதங்கள் ஆகும்.

இன்னும் ஒன்று, இது நேராகப் பள்ளியையே தொடுகிறது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் பி. பியர்சன் உதவித்தொகை கல்விக் கட்டணம், நூல்கள், தங்குமிடம் என்று நான்கு ஆண்டுச் செலவை ஏற்கிறது. அதற்கு மாணவர் தாமாக விண்ணப்பிக்க முடியாது. பள்ளி ஒரு மாணவரை முன்மொழிய வேண்டும். நம் பள்ளியிலிருந்து முன்மொழிவு போகாத ஆண்டில், தகுதியுள்ள ஒரு மாணவன் காலக்கெடு முடிந்த பிறகு என்னிடம் வந்து, ‘பள்ளி பெயர் அனுப்ப வேண்டுமாமே?’ என்று கேட்டான். அவன் தந்தை தினக்கூலித் தொழிலாளி. மதிப்பெண், முயற்சி, பண்பு எதிலும் அவனிடம் குறை இல்லை. பள்ளி அலுவலகத்தில் அப்படி ஓர் உதவித்தொகை இருப்பதை அறிந்தவர் ஒருவரும் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி, சுமை பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். அது பொய்க் கவலை என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுப் பயிற்சிக்கு அனுப்பி, அது தூக்கம் கெட்டு வகுப்பில் துவண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலேயே ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கில மொழித் தேர்வை எழுத வைத்த ஒரு குடும்பத்தையும் அறிவேன். அந்த மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதைப் பயிற்சி மையம் அவர்களிடம் சொல்லவே இல்லை. இந்தத் துன்பங்கள் எல்லாம் விவரம் தெரியாததால் வந்தவை. எந்தத் தேர்வு எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்று நம்பத்தகுந்த ஒருவர் பள்ளிக்குள்ளேயே சொல்லியிருந்தால் அந்தக் குடும்பங்கள் பயந்து ஓடியிருக்க மாட்டார்கள். இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. கோவிட் காலத்தில் எஸ்ஏடி கட்டாயமில்லை என்று பல பல்கலைக்கழகங்கள் அறிவித்தன. எம்ஐடி 2022இல் அதை மீண்டும் கட்டாயமாக்கியது. 2024இல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட் ஆகியவை தேர்வு மதிப்பெண்ணை மறுபடி கேட்கப்போவதாக அறிவித்தன. பழைய செய்தியை நம்பி இறுதியாண்டின் அக்டோபர் வரை சும்மா இருந்துவிட்ட பிள்ளைகளின் பதற்றத்தையும் நான் பார்த்திருக்கிறேன். விதிகள் மாறுகின்றன. அவற்றைத் தொடர்ந்து கவனிப்பது ஒருவருடைய பொறுப்பாக இருக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புப் பாடவேளையில் தேர்வுப் பயிற்சி வேண்டாம், பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியல்களும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஹார்வர்ட் என்ற பெயரைக்கூட அங்கே உச்சரிக்க வேண்டியதில்லை. எந்தப் பாடம் எந்தப் படிப்புக்கு இட்டுச் செல்லும் என்ற வரைபடம், பாடநூலுக்கு வெளியே ஒரு வாசிப்பு, பருவத்துக்கு ஒருமுறை தன்னைப் பற்றி எழுதும் ஒரு பக்கம், ஆசிரியரோடு கால் மணி நேரம் பேச்சு, இவை போதும். உள்நாட்டிலேயே படிக்கப்போகும் பிள்ளைக்கும் இவற்றில் ஒன்றுகூட வீணாகாது. நம் மாணவர்களில் சிலர் இந்தப் பேச்சுகளின் முடிவில், வெளிநாடு எனக்கு வேண்டாம் என்று தெளிவாக முடிவெடுத்தார்கள். அது எனக்கு நிறைவு தந்த முடிவுகளில் ஒன்று. ஏனென்றால் அவர்கள் விவரம் அறிந்து விலகினார்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை. சுற்றறிக்கையின் அந்தப் பகுதியைத் திரும்பப் பெறுங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் வாரத்துக்கு ஒரு பாடவேளை தொடரட்டும். பத்தாம் வகுப்பில் பாடப்பிரிவுப் படிவம் வழங்குவதற்கு ஒரு மாதம் முன்பாவது ஒவ்வொரு மாணவரையும் பெற்றோரையும் அழைத்துப் பேசுவதைக் கட்டாயமாக்குங்கள். படிவத்தில் கையெழுத்து அதன் பிறகுதான். உயர்கல்வி வழிகாட்டலுக்கென ஓர் ஆசிரியரைப் பொறுப்பாளராக நியமியுங்கள். அவருடைய கற்பிக்கும் பாடவேளைகளைக் குறைத்துத் தாருங்கள்; மாலையில் எஞ்சும் அரை மணி நேரத்தில் செய்துமுடிக்கக் கூடிய வேலை அல்ல இது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு கோப்பு இருக்கட்டும். ஆசிரியர் மாறினாலும் அது பள்ளியில் இருக்கும்.

நம் மதிப்பெண் முறையை விளக்கும் பள்ளி அறிமுக ஆவணம் ஒன்றை இந்த ஆண்டே தயாரியுங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் மதிப்பெண் பட்டியலோடு அதையும் கேட்கின்றன. நம் பள்ளியில் விடைத்தாள் எவ்வளவு கண்டிப்பாகத் திருத்தப்படுகிறது என்பது அது இல்லாமல் வெளியே தெரிய வழியில்லை. இறுதித் தேர்வில் மாணவர் பெறுவார் என்று கணித்து யூகாஸுக்குப் பள்ளி தரவேண்டிய எதிர்பார்ப்பு மதிப்பெண்ணை எந்த அடிப்படையில் தீர்மானிக்கிறோம் என்பதை எழுத்தில் வையுங்கள். ஒரு துறையில் தாராளமும் இன்னொரு துறையில் கஞ்சத்தனமும் இருப்பது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி. பள்ளி முன்மொழிய வேண்டிய உதவித்தொகைகளின் பட்டியலையும் தேதிகளையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். யாரை, எந்த அளவுகோலில் முன்மொழிகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும்படி இருக்கட்டும்.

இவற்றுக்காக என் ஓய்வுப் பாடவேளைகளில் இரண்டைத் தர நான் தயாராக இருக்கிறேன்; வேறு சில ஆசிரியர்களும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணை இறுதிசெய்யப்படும் முன், ஆசிரியர்களும் பெற்றோர்களும் மாணவர் பிரதிநிதிகளும் கலந்துகொள்ளும் ஒரு கூட்டத்தை நிர்வாகக் குழு கூட்டி, இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்புகளின் கணித ஆசிரியர்